அம்மா கேட்ட குரல்

ஏற்காடு
18.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

மலர் எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதா?

இந்த இல்லத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கடிதம் எழுதத் தடையில்லை. பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதே இல்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் மாத்திரை என்று நினைத்துக்கொள். கை நடுக்கம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. குடிக்க வேண்டும் என்ற எண்ணம் சாயங்காலம் வருகிறது, பிறகு போய்விடுகிறது.

இங்கே சிஸ்டர் பிலோமி என்று ஒருவர் எங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். என்னை மலர்க்கொடி என்றுதான் கூப்பிடுகிறார். ஷாலு என்ற சினிமாப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. அதுவே பாதி வைத்தியம்.

காரில் வரும்போது வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மாமாவுக்கு வருத்தம் இருக்கும். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ சொல்லிவிடு. அம்மா கேட்டால் வெளியூர் ஷூட்டிங் என்று சொல்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
மலர்


திருவொற்றியூர்
2.7.2023

அன்புத் தங்கை மலருக்கு அக்கா கார்குழலி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேச விடுவார்கள் என்று உங்கள் இல்லத்து ஆபீஸில் சொன்னார்களே? போன ஞாயிறும் இந்த ஞாயிறும் காத்திருந்தேன். அடுத்த வாரமாவது பேசு.

அம்மாவுக்கு இடது கண்ணும் போய்விட்டது. சர்க்கரைதான் காரணம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லை. தீப்பெட்டி கம்பெனியில் இத்தனை வருஷம் குச்சி அடுக்கிய கையல்லவா, தடவித் தடவியே எல்லாம் கண்டுபிடிக்கிறாள். சில நாள் நினைவும் தப்புகிறது. செத்துப்போன அப்பா துறைமுகத்தில் இருந்து இன்னும் வரவில்லையே என்கிறாள்.

டி.வி.யை அவள் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். உன் படம் வந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கு நீ அழுகிற காட்சி. "அழுவாத மலரு, அம்மா கீறேன்" என்று டி.வி. பக்கம் கையை நீட்டினாள். பரசுராமன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். எண்ணூர்த் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற மனுஷனுக்கு மனசு இவ்வளவு இளகலாக இருக்கக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டுமென்றால் எழுது.

உன் அக்கா
கார்குழலி


ஏற்காடு
30.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவின் கண்ணைப் பற்றிப் படித்த பிறகு இரண்டு வாரம் எதையும் எழுத முடியவில்லை.

போன் பேச முடியவில்லை. மலையில் லைன் சரியாகக் கிடைப்பதில்லை. காத்திருக்காதே.

போன வாரம் இங்கே கூடத்தில் டி.வி. போட்டிருந்தார்கள். என் மூன்றாவது படம். பெண்கள் எல்லோரும் திரையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். திரையில் என் முகம் வாயைத் திறந்தது, அந்தக் குரல் வந்தது. நான் எழுந்து தோட்டத்துக்குப் போனேன். அங்கேயும் கேட்டது. டி.வி.யை அணைத்துவிட்டார்கள் என்று பிறகுதான் சொன்னார்கள். அப்படியானால் தோட்டத்தில் நான் கேட்டது என்ன?

முதல் படத்தின் பிரிவியூ உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீயும் அம்மாவும் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தீர்கள். பகலவன் அண்ணனின் வீதி நாடகத்தில் நான் வியாசர்பாடி முக்கில் நின்று பேசியதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பேச்சுதான் வேண்டும்" என்றார். படத்திலும் நான் வடசென்னைப் பெண்தான். ஆனால் விளக்கு அணைந்து, திரையில் நான் பேசத் தொடங்கியபோது வேறொருத்தி பேசினாள். நம்ம பேச்சைப் போல, ஆனால் நம்ம பேச்சு இல்லை. எல்லா ஊருக்கும் புரிய வேண்டாமா, உன் குரல் ரொம்பக் கரடு என்றார்கள். நீ அன்றைக்கு என் கையைப் பிடித்து அழுத்தினாய். அம்மா மட்டும், "மலரு கொரலு மைக்குல எப்டி இனிக்குது பாரு" என்றாள்.

அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் என் குரல் இல்லை. நான் பேசிய ஒரு வார்த்தைகூட எங்கேயும் மிஞ்சவில்லை.

சரி, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் என் பெயரைச் சொல்லிச் சாப்பிட வை.

மலர்


ஏற்காடு
9.8.2023

மதிப்புமிக்க கார்குழலி அம்மாவுக்கு,

இறைவன் அருளால் உங்கள் இல்லத்தார் அனைவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் தங்கை சாப்பிடுகிறார், உறங்குகிறார், குடியை விட்டுவிட்டார். ஆனால் ஒன்றை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. இங்கே வந்த நாளிலிருந்து மலர்க்கொடி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொண்டையில் குறை எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். கேட்டதற்கெல்லாம் தலையை அசைக்கிறார், இல்லாவிட்டால் எழுதிக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் இருக்கும் அறைவரை வருவார். கையில் எடுப்பார். வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். நீங்கள் வழக்கம்போல எழுதிக்கொண்டிருங்கள். உங்கள் கடிதம் வருகிற நாளில் அவர் முகம் வேறாக இருக்கிறது.

கிறிஸ்துவில் அன்புள்ள
சிஸ்டர் பிலோமி


திருவொற்றியூர்
10.9.2023

அன்புத் தங்கை மலருக்கு,

நலம், நலமறிய ஆவல். ஸ்வெட்டர் கிடைத்ததா? பச்சை நிறம் உனக்கு எடுக்கும் என்று மாமாதான் தேர்ந்தெடுத்தார்.

போன் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. அதற்காகச் சிரமப்படாதே. கடிதம் போதும்.

அம்மா நடுவில் கொஞ்ச நாள் சாப்பிட மாட்டேன் என்று படுத்திவிட்டாள். இப்போது பரவாயில்லை. பகலில் நான் சத்துணவுக்கூடத்துக்குப் போய்விடுகிறேன், மாமா வண்டிக்குப் போய்விடுகிறார். அம்மாவுக்குத் துணையாக ஒரு பெண் அவ்வப்போது வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். நல்ல குணம். அவர் ஊட்டினால் அம்மா மறுக்காமல் சாப்பிடுகிறாள். எனக்கும் பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக வேலை ஓடுகிறது.

நம் தெருவில் சாக்கடை வேலை நடக்கிறது. காலை வைக்க இடமில்லை. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

உடம்பைக் கவனி.

அக்கா


ஏற்காடு
15.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்வெட்டர் அளவாக இருக்கிறது. மாமாவுக்கு என் அன்பு. எல்லோரும் நலம்தானே?

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். அம்மாவோடு பேசுகிற அந்தப் பெண் யார்? பெயர் எழுதவில்லையே. உனக்குத் தெருவில் ஒரு நாய் புதிதாக வந்தாலும் பெயரோடு எழுதுகிற பழக்கம்.

நான் மறைத்தது ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். எழும்பூர் அரங்கத்தில் பகலவன் அண்ணன் நாடகத்தில் நான் பாதியில் மேடையை விட்டு இறங்கினேனே, குடித்திருந்தேன் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அன்றைக்கு நான் ஒரு சொட்டும் தொடவில்லை. முதல் வசனம் பேசியதும் சனம் சிரித்தது. 'ஷாலு குரலா இது?' என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தேன். நான் பேசும் முன்பே அந்தக் குரல் என் காதுக்குள் அதைச் சொல்லி முடித்துவிட்டது. எனக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை. குடி அதற்குப் பிறகுதான்.

அப்புறம் ஒரு நாள் சாலிகிராமத்தில் இருந்து வீட்டுக்குப் போன் பண்ணினேன். நீ கடைக்குப் போயிருந்தாய் போல. அம்மா எடுத்தாள். "யம்மா, நான் மலரு" என்றேன். அம்மா யாரிடமோ சொன்னாள்: "யாரோ ஒரு பொம்பள, மலருன்னு சொல்லிக்கினு கீறா. கொரலப் பாரு." போனை வைத்துவிட்டாள். லைன் அறுந்துவிட்டது என்று நீ பிறகு சமாதானம் சொன்னாய். அறுந்து போகவில்லை, அக்கா.

அன்றைக்கு மூடிய வாய். இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

என் குரல் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதா? நேராகப் பதில் எழுது.

மலர்


திருவொற்றியூர்
23.12.2023

அன்புத் தங்கை மலருக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவைக் கட்டிலோடு மாடி வீட்டுக்கு ஏற்றினோம். தண்ணீரோடு கம்பெனி எண்ணெயும் வந்து கழிமுகம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. காத்திவாக்கத்துப் படகுகள் எல்லாம் தார் பூசினாற்போல் கிடக்கின்றன. அந்த நாற்றம் இன்னும் துணியில் இருக்கிறது. பதில் தாமதமானதற்கு அதைக் காரணம் சொல்லலாம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஞாபகம் இருப்பது டி.வி.யில் வருகிற குரல்தான். அதுதான் அவளுக்கு மலரு. நீ வீட்டுக்கு வருவது குறைந்துபோய், படம் மட்டும் வந்துகொண்டே இருந்த வருஷங்கள் எத்தனை? கண்ணும் போன பிறகு அவளிடம் அந்தக் குரல் ஒன்றுதான் மிஞ்சியது.

ஆகஸ்டில் அம்மா சோற்றைத் தொடவில்லை. "மலரு வந்தாத்தான் துன்னுவேன்" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். நீ அங்கே பேசாமல் இருப்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. உன்னைக் கூட்டிவந்தாலும் நீ பேச மாட்டாய், பேசினாலும் அவளுக்கு நீ யாரோ. நான் என்ன செய்ய?

உனக்குக் குரல் கொடுத்த பெர்சிஸ், ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடைக்காரர் மகள் என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய். அங்கே சர்ச்சில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். "இது பொய்யில்லையா அக்கா, கர்த்தர் மன்னிப்பாரா" என்று தயங்கினார். சும்மா வந்து பார்க்கிறேன் என்றுதான் வந்தார். வாசலில் என்னிடம் ஏதோ கேட்டார், அவ்வளவுதான். உள்ளேயிருந்து அம்மா, "மலரு வந்துட்டியா" என்றாள். அந்தப் பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், "வந்துட்டேம்மா" என்றார். அம்மா அன்றைக்குச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து அவர் வந்துகொண்டிருக்கிறார். உன் பெயரில்தான் பேசுகிறார்.

நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் என்மேல் கோபப்படு. அந்தப் பெண்மேல் வேண்டாம்.

அக்கா


திருவொற்றியூர்
21.1.2024

மலரு,

நலமாக இருக்கிறாயா? பொங்கலுக்கு உனக்கு எடுத்த புடவை பீரோவில் இருக்கிறது. ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. திட்டியாவது எழுது.

அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கிட்னி என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அர்த்தம் உனக்குப் புரியும்.

அக்கா


ராயபுரம்
11.2.2024

அன்புச் சகோதரி மலர்க்கொடிக்கு,

ஆண்டவர் உங்களுக்குச் சுகமும் சமாதானமும் தருவாராக. என் கடிதத்தைப் பிரிக்காமல் கிழித்துப் போட உங்களுக்கு உரிமை உண்டு. பிரித்திருந்தால் நன்றி.

நாம் நேரில் பேசியது இரண்டு, மூன்று முறைதான். ஆனால் உங்கள் உதடுகளை நான் பார்த்ததுபோல இந்த உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருட்டு அறையில், மைக் முன்னால் நின்று, எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று வருஷக்கணக்கில் பார்த்தேன். ஷூட்டிங்கில் நீங்கள் பேசிய பேச்சு என் ஹெட்போனில் கேட்கும். அதை அழித்துவிட்டு அதன்மேல் நான் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் உங்களுடையதுதான் நன்றாக இருந்தது. சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை. படத்தில் என் பெயரும் வந்ததில்லை. கடையில் நான் விலை கேட்டால் சனம் திரும்பிப் பார்க்கும், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகும்.

உங்கள் அம்மா என்னிடம் சொல்வதெல்லாம் உங்களுக்குச் சொல்வது. அதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் என் கன்னத்தைத் தடவியபடி சொன்னார்கள்: "சினிமாவுக்குப் போயி பேச்சையே மாத்திக்கினியே மலரு. என்னாண்ட கூடவா நடிப்பு? நம்ம வூட்டுப் பேச்சு பேசேன்."

நான் முயன்று பார்த்தேன். இந்தப் பேச்சைப் படத்தில் எத்தனையோ தடவை பேசியவள்தான். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

அம்மா தேடுவது என்னிடம் இல்லை, சகோதரி. நாள் அதிகம் இல்லை. வாருங்கள்.

பெர்சிஸ்


ஏற்காடு
25.2.2024

அக்கா,

வருகிறேன். மாமாவை அனுப்ப வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன். பெர்சிஸை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

மலர்


திருவொற்றியூர்
21.4.2024

அன்புள்ள சிஸ்டர் பிலோமிக்கு,

மலர்க்கொடியின் வணக்கம். நீங்களும் இல்லத்தில் எல்லோரும் நலமா? தோட்டத்து மிளகுக்கொடி படர்ந்துவிட்டதா? நான் நலமாக இருக்கிறேன். பேசுகிறேன், சிஸ்டர். நிறைய இல்லை. நீங்கள் என் குரலைக் கேட்டதே இல்லை என்பதால் நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் வீட்டுக்கு வந்தபோது பெர்சிஸ் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அறைக்குள் என் பெயர் இருந்தது, என் குரல் என்று ஊர் நம்புகிற குரல் இருந்தது, நான் மட்டும் வாசற்படியில் நின்றேன். செத்துப்போன ஒருத்தி தன் வீட்டை எட்டிப்பார்ப்பது இப்படித்தான் இருக்கும். சில நாள் அப்படியே போயிற்று. பெர்சிஸ் வருவார், பேசுவார். நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருப்பேன். வாய் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அம்மா தண்ணீருக்குக் கையால் துழாவினாள். சொம்பை வாயில் வைத்தேன். புரையேறியது. முதுகைத் தடவிவிட்டேன். என்னை அறியாமல் பேச்சு வந்துவிட்டது: "மெதுவா குடி. இன்னாத்துக்கு அவசரம்?" துருப்பிடித்த கதவு போல இருந்தது என் குரல்.

அம்மா சொம்பைத் தள்ளிவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "யாரு பொண்ணு நீ?" என்றாள்.

நான்தான் மலரு என்று சொல்ல நாக்கு துடித்தது. போனில் கேட்ட அந்தப் பதில் மறுபடி வந்துவிடுமோ என்று பயந்தேன். பக்கத்து வீடு என்றேன்.

"எம் பொண்ணு கூட இப்டித்தான் பேசிக்கினு இருந்தா," என்றாள் அம்மா. "சினிமாவுக்குப் போறதுக்கு மின்னாடி."

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்ணாக அவளிடம் உட்கார்ந்தேன். சாயங்காலம் பெர்சிஸ் மலராக வந்தார். அம்மா என்னிடம் மலரைப் பற்றிப் பேசினாள். வியாசர்பாடி முக்கில், சாக்கடைக் குழியில் புருஷனைப் பறிகொடுத்தவளாக நான் நடித்ததை, கம்பெனி விட்டு வரும் வழியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாளாம். எனக்கு இது தெரியாது. வேலைக்குப் போகிறவள் அதையெல்லாம் எங்கே பார்த்தாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "அவ கத்துன கத்துல எனுக்கு ஒடம்பே நடுங்கிப் போச்சு. அந்தப் பொண்ணு எங்க போச்சுன்னே தெரியல," என்றாள்.

அந்த வசனம் எனக்குத் தெரியும், சொல்லட்டுமா என்று கேட்டேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். நடுவில் யாரும் சிரிக்கவில்லை. முடித்துத் திரும்பினால் வாசலில் பெர்சிஸ் நின்றுகொண்டிருந்தார், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியபடி.

கடைசியாக அம்மா என்னோடு பேசிய நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இழுத்தது. "மலரு சாயங்காலம் வருவா. நான் தூங்கிட்டேன்னா நீ சொல்லு அவளாண்ட. அந்தப் பேச்ச வுட்டுடச் சொல்லு. உன்னாட்டம் பேசச் சொல்லு."

சொல்றேன் என்றேன். சொல்லு என்று மறுபடியும் கேட்டாள். கண்டிப்பா சொல்றேம்மா என்றேன். அம்மா என்று நான் கூப்பிட்டதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. கையை மட்டும் விடவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

தெரு முழுக்கக் கூட்டம். பாதிப் பேர் அம்மாவுக்காக வந்தார்கள், பாதிப் பேர் ஷாலுவைப் பார்க்க. ஷூட்டிங் போல எல்லோர் கையிலும் போன். பகலவன் அண்ணன் வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போய்ப் பந்தல்காலில் சாய்ந்து நின்றார். அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் சத்தமில்லாமல் அழுதேன்.

பெர்சிஸ் கூட்டத்தின் கடைசியில், எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றார். கைக்குட்டையை வாயில் திணித்திருந்தார். அழுதால் குரல் வெளியே வந்துவிடும், எனக்குத் தலைகுனிவு என்று நினைத்திருக்கிறார். மாதக்கணக்கில் அம்மாவுக்குச் சோறு ஊட்டியவருக்கு அவள் பிணத்தின் முன்னால் அழ இடமில்லை. மூலக்கொத்தளம் மயானத்துக்குத் தூக்கப் போகிற நேரம். நான் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அம்மாவின் கால்மாட்டில் நிறுத்தினேன்.

"அழுவுங்கக்கா," என்றேன். "உங்களையுந்தான் பொண்ணுன்னு கூப்ட்டா."

கைக்குட்டை விழுந்தது. "அம்மா" என்று அவர் ஒரு குரல் எடுத்தார் பாருங்கள், சிஸ்டர், மேளம் நின்றுவிட்டது. எத்தனை படத்தில் ஊரே கேட்டு அழுத குரல். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் வாய் மூடியிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன்கள் என் முகத்தின் முன்னால் நீண்டன.

நான் திரும்பி பெர்சிஸைப் பார்த்து நின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவராக, என் பார்வை போகிற பக்கம் அவர்களும் திரும்பினார்கள்.

உங்கள் ஜெபத்தில் அம்மாவையும் பெர்சிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் உங்களுக்கு வருகிற அந்த மூட்டுவலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், தவறாமல் தேயுங்கள்.

அன்புடன்
மலர்க்கொடி